புகையிலைக் கடையின் புதுச் சரக்கு

புகையிலை வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். தகப்பனார் காலந்தொட்டு நடந்துவரும் கடை. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சுருட்டு, சிகரெட் என்று சில்லறையாகவும் மொத்தமாகவும் விற்று வருகிறார். ஐவேளைத் தொழுகையை விடாதவர். தம் வாயில் ஒரு நாளும் பீடியை வைத்தறியாதவர். அவருடைய கடைக்கு அண்மையில் ஓர் ஏஜெண்டு வந்து, புதுச் சரக்கு என்று சில பெட்டிகளைத் திறந்து காட்டியிருக்கிறார். கியூபா முதலான நாடுகளிலிருந்து வரும் சுருட்டுகள். மணக்கும் மரப்பெட்டியில் ஈரப்பதம் குறையாமல் பாதுகாக்க வேண்டியவை. கூடவே, பைப்பில் அடைத்துப் புகைக்கும் தூள் புகையிலை, வனிலா வாசனையிலும் செர்ரிப்பழ வாசனையிலும். பல நாள் பீடி விற்று வரும் லாபம் ஒரே சுருட்டில் கிடைக்குமாம். 'இவற்றை வாங்கி அடுக்கலாமா? அந்த லாபத்தைச் சேர்த்து ஹஜ்ஜுக்குப் போகலாமா?' என்பது அவர் கேள்வி.

கேள்வியைக் கேட்டதே அவருடைய ஈமானுக்கு அடையாளம் என்று நாம் கருதுகிறோம். புகைப்பது கூடுமா கூடாதா என்று கேட்பவர்கள் நிறைய உண்டு. விற்பவருக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. சந்தேகம் எழுந்த இடத்திலேயே கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு யோசிக்கத் தொடங்கியிருக்கிறார் அவர். ஆதலால் நாமும் அவசரப்படாமல் யோசிப்போம்.

முதலில் புகையிலையைப் பற்றி. குர்ஆனிலும் ஹதீஸிலும் அதன் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-க்குப் பிறகே மற்ற உலகம் அதை அறிந்தது. முஸ்லிம் நாடுகளுக்கு அது வந்து சேர்ந்தபோது உலமாப் பெருமக்கள் இரு கூறாகப் பிரிந்தார்கள். எகிப்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த, ஒரே மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இரு பெரியார்களில் இப்ராஹீம் அல்லகானி (ரஹ்) அவர்கள் கூடாது என்று எழுதினார்கள். அலீ அல்உஜ்ஹூரி (ரஹ்) அவர்கள் கூடும் என்று எழுதினார்கள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் மஹல்லிக்கு ஹாஷியா எழுதிய ஷாஃபிஈ இமாம் கல்யூபி (ரஹ்) அவர்கள் தடுக்கும் பக்கம் நின்றார்கள். டமாஸ்கஸின் அப்துல் ஙனீ அந்நாபுலுஸி (ரஹ்) அவர்களோ 1682-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, ஆகும் என்று வாதித்தார்கள். அந்நூலின் பெயரே சகோதரர்களிடையே சமாதானம் செய்வது என்ற பொருளில் அமைந்தது. சண்டை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இடையில் துருக்கி சுல்தான் நான்காம் முராத் 1633-இல் புகையிலையைத் தடை செய்து, மீறியவர்களின் தலைகளையும் வாங்கினார். தலைகள் போயின, புகை போகவில்லை.

இப்பெரியார்களில் ஆகும் என்றவர்கள் எதைக் கொண்டு ஆகும் என்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பொருளும் அடிப்படையில் ஆகுமானதே. தடுக்க ஆதாரம் வேண்டும். இது போதை தருவதில்லை. இதனால் கேடு விளைகிறது என்பது நிரூபணமாகவில்லை. இவ்வளவுதான் அவர்களுடைய வாதத்தின் அஸ்திவாரம். அக்காலத்தில் இருந்த அறிவைக் கொண்டு அவர்கள் நேர்மையாகவே பேசினார்கள். புகையிலையை மருந்தென்று கொடுத்த வைத்தியர்களும் அன்று இருந்தார்கள்.

அந்த அஸ்திவாரம் இன்று இல்லை. 1950-இல் இங்கிலாந்தின் டால், ஹில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஆஸ்பத்திரி நோயாளிகளை விசாரித்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதை உறுதி செய்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் மடிகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தாம் புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள்: மனைவிமார், குழந்தைகள். விடாமல் புகைப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை அது கொன்றுவிடுகிறது என்கிறார்கள். தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்ற பொருளில் அல்பகரா அத்தியாயத்தில் வரும் கட்டளையை ஓதுகிற நாம், இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் நாபுலுஸி இமாமைத் துணைக்கு அழைப்பது அந்தப் பெரியாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995-இல் புகைப்பது ஹராம் என்று கூறிவிட்டது. இந்தோனேசிய உலமா சபை 2009-இல் சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், பொது இடங்களில் எல்லோருக்கும் ஹராம் என்றது. மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் ஆலிம்கள் இன்றும் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் மக்ரூஹ் என்றால் வெறுக்கப்பட்டது என்று பொருளே தவிர, வெறுமே விட்டுவிடப்பட்டது என்று பொருளல்ல.

சகோதரரிடம் ஏஜெண்டு ஒன்று சொல்லியிருக்கிறார்: 'சுருட்டும் பைப்பும் சிகரெட்டைப் போல அல்ல, பாய். புகையை உள்ளே இழுப்பதில்லை. இது பெரிய மனிதர்கள் ரசிக்கிற பொருள்.' இந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தாக இருக்கிறது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. அதிலுள்ள நிகோடின் நுரையீரல் வரை போகத் தேவையில்லாமல் வாயிலேயே ரத்தத்தில் கலந்துவிடும். உள்ளே இழுக்காதவரும் அதற்கு அடிமையாவது இப்படித்தான். ஒரு பெரிய சுருட்டில் ஒரு சிகரெட் பாக்கெட்டில் உள்ள அளவுக்குப் புகையிலை இருப்பதும் உண்டு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வர அது காரணமாகிறது. பைப் புகைப்பதால் உதட்டில் புற்றுநோய் வருகிறது என்பதை அந்த 1964 அறிக்கையே கூறிவிட்டது. மனோதத்துவ மேதை ஃப்ராய்டு சுருட்டு இல்லாமல் எழுத உட்கார மாட்டார். 1923-இல் அவர் வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு 1939-இல் இறந்தார். அத்தனை அறுவைக்கிடையிலும் சுருட்டை விட அவரால் முடியவில்லை. மனித மனத்தை ஆராய்ந்தவரின் நிலை இது!

சுருட்டு நமக்கு அந்நியமான பொருளும் அல்ல. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று சொல்வதே நம் சுருட்டு என்ற சொல்லிலிருந்து போனதுதான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் லண்டன் வரை எட்டி, 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் துப்பறியும் கதையில் கொலைகாரன் புகைத்த சுருட்டாக இடம்பெற்றது. திண்டுக்கல் சீமையின் புகையிலையும் அப்படியே பெயர் பெற்றது. இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுவோர் இருக்கிறார்கள். ஊருக்குப் பெயர் தேடித் தந்த பொருளெல்லாம் ஊருக்கு நன்மை செய்தது என்று ஆகிவிடாது. பைப் புகையிலை டப்பாக்களில் லாதக்கியா என்ற பெயரைக் காணலாம். அது சிரியாவின் துறைமுகப் பட்டினம். மரப்புகையில் வாட்டிய இலைக்கு அந்த முஸ்லிம் ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அந்த இலை பெரும்பாலும் சைப்ரஸிலிருந்தே வருகிறது.

நிற்க. விற்பவர் விஷயத்துக்கு வருவோம்.

'நான் புகைப்பதில்லை, கேட்பவருக்குக் கொடுக்கிறேன், அவர் புகைத்தால் அது அவர் பாடு' என்பது கடைக்காரர்களின் வழக்கமான பதில். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நம் ஃபிக்ஹுக் கித்தாபுகளிலேயே இதற்கு நிகரான பிரச்சினை உண்டு. மது காய்ச்சுகிறவனுக்குத் திராட்சைச் சாறு விற்கலாமா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். பாவம் சாற்றில் இல்லை, வாங்கியவன் தன் விருப்பத்தால் பின்னர் செய்யும் செயலில் இருக்கிறது என்பது அவர்கள் கண்ட காரணம். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் அதை வெறுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், வாங்குபவன் மதுவாக்கத்தான் போகிறான் என்று தெரிந்தால் ஹராம், சந்தேகமென்றால் மக்ரூஹ்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பைக் கடைக்காரர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாமா? திராட்சைச் சாற்றை அப்படியே குடிக்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், காடியாக்கலாம். கத்தி விற்பவனிடம் வாங்கிய கத்தி காய்கறி நறுக்கும். ஒரு பெட்டிச் சுருட்டுக்கு எத்தனை உபயோகம்? கொளுத்துவதற்கு மட்டுமே செய்யப்பட்டது அது. வாங்குபவர் அதைக் கொண்டு வேறு எதுவும் செய்யப்போவதில்லை என்பது விற்பவருக்கு நிச்சயம். எனவே பாவம் வாங்குபவனின் பின்செயலில்தான் இருக்கிறது என்ற காரணம் இங்கே பொருந்தாது என்பது நம் கருத்து. பாவத்திலும் வரம்பு மீறுவதிலும் ஒருவருக்கொருவர் துணை போகக் கூடாதென்று அல்மாயிதா அத்தியாயத்தின் இரண்டாம் வசனம் தடுப்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

'சர்க்கரையும் எண்ணெயும்தான் கெடுதல்; மளிகைக்கடையையும் மூடச் சொல்வீர்களா?' என்று கேட்கலாம். சர்க்கரையும் எண்ணெயும் உணவு. அளவு மீறினால் கேடு. புகையிலையில் அப்படி மீறுவதற்குரிய நல்ல அளவு என்று ஒன்று இல்லை. 'நான் விற்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் விற்பான்' என்பது இன்னொரு பதில். விற்பான்தான். மஹ்ஷரில் எதிர்க்கடைக்காரனுடைய ஏட்டை நம் கையில் கொடுக்கப்போவதில்லை.

'என் நிய்யத் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது' என்ற பதில்தான் இவற்றுள் கனமானது. ஆனால் நல்ல நிய்யத் பொருளின் தன்மையை மாற்றாது. அமெரிக்காவின் கிராண்ட் என்ற தளபதி 1862-இல் ஒரு கோட்டையை வென்றபோது அவர் கையில் சுருட்டு இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நாட்டு மக்கள் அன்பு மிகுந்து பெட்டி பெட்டியாக, ஆயிரக்கணக்கில் சுருட்டுகளை அவருக்கு அனுப்பினார்கள். அதுவரை அளவாகப் புகைத்தவர் ஓயாமல் புகைப்பவரானார். பிற்பாடு ஜனாதிபதியாகவும் இருந்தார். 1885-இல் தொண்டைப் புற்றுநோயால் மரித்தார். அனுப்பியவர்களில் ஒருவருடைய நிய்யத்தும் கெட்டதல்ல.

இனி, சகோதரர் குறிப்பாகக் கேட்டிருக்கும் புதுச் சரக்கைப் பார்ப்போம். நாற்பது வருஷமாகச் சுருட்டுக்குப் பழகிய ஒரு முதியவர் வந்து கேட்கிறார், கொடுக்கிறோம். இது ஒன்று. யாரும் கேட்காத ஒரு பொருளை வரவழைத்து, கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு அடுக்கி, 'புதிதாக வந்திருக்கிறது, பாருங்கள்' என்று வாடிக்கைக்காரரிடம் நீட்டுவது முற்றிலும் வேறு. முன்னதில் இருக்கும் ஆசைக்குக் கடைக்காரர் பணியாளர். பின்னதில் இல்லாத ஆசைக்கு அவர் தகப்பன்.

இந்தியாவில் இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. அக்பரின் கடைசிக் காலத்தில் அசத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூருக்குப் போய்வந்தார். அங்கே புகையிலையைக் கண்டு, ஏராளமாக வாங்கி, மணிகள் பதித்த அழகான குழாய் ஒன்றையும் செய்துகொண்டு வந்து அரசர் முன் வைத்தார். இது என்னவென்று அரசர் கேட்டார். இது புகையிலை, மக்காவிலும் மதீனாவிலும் நன்கு அறிமுகமானது என்று பிரபு ஒருவர் எடுத்துச் சொன்னார். (புனித நகரங்களின் பெயரைச் சொல்லிச் சரக்கை விற்கும் வழக்கம் அவ்வளவு பழையது!) அக்பர் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தார். வைத்தியர் தடுத்தார், நம் நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, தெரியாத பொருளை எப்படி அனுமதிப்பது என்று வாதாடினார். அரசர் அப்பழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை. ஆனால் அசத் பேக் பிரபுக்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். வியாபாரிகள் விற்கத் தொடங்கினார்கள். இதை எழுதிவைத்தவர் அசத் பேக்கே. சில வருஷத்துக்குள், 1617-இல், ஜஹாங்கீர் அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. அந்தத் தடையும் பலிக்கவில்லை. ஈரானுக்குப் போன ஜஹாங்கீரின் சொந்தத் தூதர் கான் ஆலமே ஒரு கணமும் புகையிலையை விட்டிருக்க முடியாதவராக இருந்தார்.

தீய வழக்கம் ஒன்றைத் தொடங்கி வைப்பவர் தம் பாவத்தோடு, அதைப் பின்பற்றுவோரின் பாவத்திலும் பங்கு சுமக்கிறார் என்றும், அதனால் அவர்களுடைய சுமை குறைவதில்லை என்றும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. வனிலா வாசனை யாருக்காகச் சேர்க்கப்படுகிறது என்று சகோதரர் சிந்திக்கட்டும். நாற்பது வருஷம் புகைத்தவருக்கு வனிலா தேவையில்லை. இன்னும் தொடங்காதவருக்குத்தான் அது தேவை. கல்லூரியில் படிக்கும் பையன் பீடியைப் பார்த்து முகம் சுளிப்பான். செர்ரிப்பழ வாசனையைப் பார்த்துச் சுளிக்க மாட்டான். தம் மகன் அந்த அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தால் சகோதரர் என்ன செய்வார்? அவர் கை ஓங்கும். ஓங்கும் கை, அடுத்த வீட்டு மகனுக்கு அதையே காகிதத்தில் பொதிந்து கொடுக்கலாமா?

இங்கே வீடுகளில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. சில தகப்பன்மார் பத்து வயதுப் பையனிடம் காசைக் கொடுத்து, 'ஓடிப்போய்ச் சிகரெட் வாங்கி வா' என்று அனுப்புகிறார்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். கல்விக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் குற்றம். கடைக்காரரைக் குற்றவாளியாக்கி, பிள்ளையைக் கடைக்குப் பழக்குவது தகப்பனார் கைங்கரியமாக இருக்கிறது. விட முடியவில்லை என்பார்கள். ரமலானில் ஸஹர் முதல் மஃரிப் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, முப்பது நாள், இதே மனிதர்கள் தொடாமல் இருக்கிறார்கள். பிறகு மஃரிப் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்துக்கு அடுத்தபடியாகப் பள்ளிவாசல் மதிலோரம் போய்ப் பற்றவைத்துவிட்டு, அந்த வாயோடு ஸஃப்பில் வந்து நிற்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் தின்ற வாயோடு பள்ளிக்கு வரலாகாதென்று ஹதீஸ் இருக்க, பக்கத்தில் நிற்பவர் படும் பாட்டை யார் சொல்வது! ஈரானில் 1891-இல், புகையிலை வியாபாரம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயரிடம் ஷா ஒப்படைத்ததை எதிர்த்து, ஷீஆ மார்க்கத் தலைவர் மிர்ஸா ஷீராஸியின் பெயரால் ஒரு ஃபத்வா வந்தது. நாடெங்கும் ஹுக்காக்கள் அணைந்தன. ஷாவின் அரண்மனை அந்தப்புரத்திலும் அணைந்தன. 1892 தொடக்கத்தில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. உடனே ஹுக்காக்கள் மறுபடி புகைந்தன என்பது வேறு விஷயம். விட முடியும் என்பது மட்டும் தெளிவாகிறது.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவும் நாம் விரும்பவில்லை. திருநெல்வேலிப் பக்கம், மேலப்பாளையம் போன்ற ஊர்களில், நம் சமுதாயத்துப் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். புகையிலைத் தூளைச் சுவாசித்து இருமுகிறவர்களும் அவர்களே. வேறு வழி திறக்காத அந்த விதவையிடம் போய் ஹராம் ஹலால் பேசுமுன், அவருக்கு வேறு கூலி வேலை காட்டியிருக்க வேண்டும். சுருட்டுப் பெட்டியை வரவழைப்பதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள முதலாளியின் நிலை அதுவல்ல.

ஆகவே சகோதரருக்கு நம் பதில் இது. புதுச் சரக்கு வேண்டாம் என்று ஏஜெண்டிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இதில் நமக்குத் தயக்கமில்லை. பழைய வியாபாரத்தை ஒரே நாளில் இழுத்து மூடுங்கள் என்று வெளியிலிருந்து எழுதுவது சுலபம்; கடனும் குமருமாக இருக்கும் குடும்பத்தில் அது எப்படி முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு தவணை வைத்துக்கொண்டு, அலமாரியில் ஒவ்வொரு தட்டாக வேறு பொருளுக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். தவணை இல்லாமல் படிப்படியாக என்றால் அது உங்கள் பேரன் காலம் வரை போகும். ஹஜ்ஜைப் பொறுத்தவரை, தூய்மையற்ற பணத்தில் செய்த ஹஜ்ஜால் கடமை நீங்கினாலும் கபூலாவதில்லை என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. கடமையே நீங்காது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் மத்ஹபில் பிரபலமான சொல். சந்தேகமான பணத்தைக் கொண்டு அந்த இடத்துக்குப் போவானேன்? மாற்றிய வியாபாரத்தின் லாபத்தைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு வருஷம் தாமதமாகலாம். பழைய பணத்தின் விஷயத்தைக் கணக்கோடு உள்ளூர் ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

இவரிடம் மட்டும் இதைச் சொல்லி ஜமாஅத்தை விட்டுவிடுவது நியாயமாகாது. மினாரா கட்ட நன்கொடை வாங்கும்போது இவர் என்ன விற்கிறார் என்று எந்த நிர்வாகியும் கேட்டதில்லை. ரசீது எழுதிக் கொடுத்தார்கள். கல்வெட்டிலும் பெயர் போட்டார்கள். இப்போது அவர் தொழிலை மாற்ற நினைத்தால், முதல் ஆறு மாத நஷ்டத்துக்குத் தோள் கொடுக்கப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்க முன்வருவார்களா? திரும்பி வருமா என்று செயலாளர் கேட்பார். கடைத்தெருவில் நல்ல இடத்தில் கடை இருக்கிறது. தகப்பனார் காலத்து வாடிக்கை இருக்கிறது. நாணயமான மனிதர் இருக்கிறார். இதைவிட மோசமான ஈட்டுக்கெல்லாம் நம் ஜமாஅத்துகள் கடன் கொடுத்திருக்கின்றன.